தாலுக்கும் ளாத்துக்கும் நடுவில் ஒரு கரடி

என் வயதுக்காரர்களே, மாடிப்படிக்கு முன்னால் நின்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு ஏறுகிறவர்களே, உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன். பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தாயிற்று. "உம்மா, யூஏஈல பேர்ஸே கிடையாது, சர்ச் பண்ணிட்டேன்" என்று மூத்தவள் போனை என் மூக்குக்கு நேராக நீட்டிவிட்டாள்.

கிடையாது என்று எனக்கும் தெரியும். கரடியே இல்லாத மலைக்குக் குடும்பத்தோடு கரடி வேட்டைக்குப் போய்வந்தவர்கள் நாங்கள். அதற்கு முழுப் பொறுப்பும் என்னுடையது. ஒன்பது வயதில் நான் அரபி மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். மொத்தம் ஒரே ஒரு சொல்லை மொழிபெயர்த்தேன். அதன் தழும்பு இடது புருவத்துக்கு மேலே இருக்கிறது. முக்காட்டைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் தெரியாது.

நாங்கள் ஷார்ஜாவுக்கு வந்து எட்டாவது மாதம் அது. ரோலாவில், ஒரு துணிக்கடைக்கு மேலே மூன்றாவது மாடி. ஜன்னலை அடைத்துக்கொண்டு ஒரு ஏசி. அது குளிர்ந்ததைவிடச் சொட்டியது அதிகம். கீழே நடக்கிறவர்களில் யார் தலையில் சொட்டப் போகிறது என்று பார்ப்பதுதான் எனக்குச் சாயங்கால வேலை. உம்மா இரண்டு பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். அவற்றை முழுசாகப் பிரிக்கவே இல்லை. "எதுக்கு, திரும்பி அடுக்கவா?" என்பார்.

அதற்கு முன்னால் வாப்பா எனக்கு லீவில் வருகிற ஒருவர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, இரண்டு மாதம். சென்ட் வாசனையோடு வருவார். வாசனை போகிறதற்குள் போய்விடுவார். மற்ற நாளெல்லாம் ஹாலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தார். அதனால் அவருடைய முகம் எனக்கு மனப்பாடம். முதுகைப் பார்த்தது ரோலாவில்தான். பார்த்தது அநேகமாக முதுகை மட்டும்தான். கீழே கடையில் பொறுப்பாள் அவர். வெளியே கிளம்பினால் கடை அடைக்கிற அவசரத்தில் நடப்பார். உம்மா அபாயாவைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓட, நான் உம்மாவைப் பிடித்துக்கொண்டு ஓட, அந்த முதுகு கூட்டத்துக்குள் போய்க்கொண்டே இருக்கும். ஒருமுறையும் நின்றதில்லை. திரும்பியும் பார்த்ததில்லை. "உங்க வாப்பா ஒட்டகத்துக்குப் பொறந்தாஹ" என்பார் உம்மா, மூச்சு வாங்கிக்கொண்டு.

அந்த முதுகும் போய்விடும் என்ற நிலைமை. எங்கள் விசா முடிய இருபது நாள் இருந்தது. புதுப்பிக்கிற தாளில் கடையின் கஃபீல், அதாவது எங்களுக்கெல்லாம் பொறுப்பாளியான அரபி, கையெழுத்துப் போட வேண்டும். அர்பாப் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். தாள் அவருடைய வண்டியில், ஸ்டியரிங் பக்கத்துப் பெட்டிக்குள், மூன்று வாரமாகக் கிடந்தது. அவர் கெட்டவர் இல்லை. தும்மல் வருவதைப் போல அவருக்கு மறதி வரும். வாப்பா ஞாபகப்படுத்தினால் "நாளைக்கு, ரஃபீக், இன்ஷா அல்லா" என்று தோளில் தட்டுவார். ரஃபீக் என்றால் தோழன்; கடையில் எல்லோரும் அவருக்கு ரஃபீக்தான். கையெழுத்து விழாவிட்டால் உம்மாவும் நானும் ஊருக்கு. வாப்பா மறுபடி கண்ணாடிச் சட்டத்துக்கு. ராத்திரி அவர்கள் இரண்டு பேரும் இதைக் குசுகுசுவென்று பேசுவார்கள். ஒரே அறையில் குசுகுசுப்பு எவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்பது பெரியவர்களுக்குத் தெரிவதில்லை.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து கடையில் துணிப் பொதிமேல் உட்கார்ந்திருந்தேன். அர்பாப் வந்தார். தேநீர் குடித்தார். புஜைரா போகிற வழியில், மலைக்குள்ளே, அவருக்கு ஒரு தோட்டம் இருந்தது. அங்கே ஆடுகள் காணாமல் போகின்றனவாம். கையை அகல விரித்து, பல்லைக் காட்டி, முதுகைச் சாய்த்து என்னவோ நடித்தார். "தபு" என்றார். "உங்கள் நாட்டில் உண்டா, ரஃபீக்?"

வாப்பா என் பக்கம் குனிந்தார். "ம்மா, தபுன்னா என்னடா?"

எங்கள் பள்ளிக்கூடத்தில் அரபிப் பாடம் உண்டு. சுவரில் படம் போட்ட அட்டை. எட்டு மாதத்தில் எட்டாவது எழுத்துக்கு வந்திருந்தோம். மாதத்துக்கு ஓர் எழுத்து. எட்டாவது எழுத்து தால். தால் போட்டால் துப்பு. துப்பு என்றால் பக்கத்திலேயே பழுப்பாக, பொம்மை மாதிரி, கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

"கரடி வாப்பா," என்றேன்.

அர்பாப் சொன்ன சொல்லுக்கு எழுத்து அதுவல்ல. இன்னும் ஏழு எழுத்து தள்ளி வருவது. அந்த எழுத்தை ஊரில் ஓதுகிற பள்ளியில் எங்களுக்கு "ளாத்" என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதை வைத்துத்தான் நாம் பர்ளு என்கிறோம், உளு என்கிறோம், ரமளான் என்கிறோம். அரபிகள் அதே எழுத்தைத் தொண்டையிலும் பல்லிலும் உருட்டி 'த' மாதிரி ஏதோ ஒன்றாக்கிவிடுவார்கள். 'ள' என்று காதில் விழாத வரை அது ளாத் என்று எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் தோன்றாது. எனக்குத் தோன்றவில்லை. வாப்பாவுக்கும் தோன்றவில்லை.

"கரடியா!" என்று நிமிர்ந்தார் வாப்பா. அவருடைய வாழ்க்கையில் ஒரே ஒரு கரடி உண்டு. சின்ன வயதில் பயம் தெளிய, தெருவுக்கு வந்த வித்தைக்காரனின் கரடி மேல் அவரை உட்கார வைத்திருக்கிறார்கள். இறங்கிய பிறகு மூன்று நாள் காய்ச்சல். அந்த மனிதர் அர்பாபிடம் சொன்னார்: "நிறைய உண்டு. தகரம் தட்டி விரட்டுவோம். நானே விரட்டியிருக்கிறேன்."

அர்பாப் எழுந்து வாப்பாவின் மூக்கோடு மூக்கை உரசினார். வெள்ளிக்கிழமை வேட்டை. குடும்பத்தோடு வா, தோட்டத்தில் சாப்பாடு. வாப்பா மேலே வந்து உம்மாவிடம் சொன்னபோது கண் பளபளத்தது. "வண்டியில போறோம். தாளும் வண்டியிலதான் இருக்கு. புரியுதா?"

"இஞ்சாருங்க, கரடி சுடப் போற எடத்துக்குப் பொண்டு புள்ளைய யாராச்சும் கூப்புடுவாஹளா?"

"அரபிங்க அப்படித்தான்."

உம்மா என்னைப் பார்த்தார். "அப்பொ முடி ஒரு நாலு கொண்டாந்துருங்க. இவளுக்குத் தாயத்துல போடலாம்."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். அர்பாப் முன்னால். பட்டாண் டிரைவர் ஓட்டினார். வாப்பா டை கட்டியிருந்தார், கையெழுத்துக்கு மரியாதை. காலில் புது ஷூ. மணல் முடிந்து மலை தொடங்கியது. ஊர்ப்பக்க மலை மாதிரி பச்சை இல்லை. எரிந்து அணைந்த அடுப்பைக் கவிழ்த்துக் கொட்டின மாதிரி. வாப்பா மெதுவாக டிரைவரிடம் உருதுவில் விசாரித்தார். டிரைவர், "லகட்பக்கா ஹை, பாய்" என்றார்.

வாப்பா எங்கள் பக்கம் திரும்பினார். "லகடின்னா மரம். மரக்கரடி. மரமேறும் சாதி."

உம்மா ஜன்னலுக்கு வெளியே ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "மரத்தையே காணோமே" என்றார்.

தோட்டத்தில் ஜும்மா முடிந்து, சோறும் ஆடும் தின்று, பிற்பகலில் மலைக்காரர் வந்தார். அர்பாபின் தாய்வழி உறவு. அந்த மலையில் அவருக்குத் தெரியாத கல் இல்லையாம். வழிகாட்டி அவர்தான். குட்டையாக, ஒட்டி உலர்ந்து, தோளில் பழைய துப்பாக்கி, கையில் நீளக் காம்பு போட்ட சின்னக் கோடாலி. புகையும் ஆடும் கலந்த வாசனை. அவர் அந்த மிருகத்தின் பெயரைச் சொல்லவே இல்லை. "அது" என்பார், சொல்லும்போது மலையைப் பார்க்க மாட்டார், தரையைப் பார்ப்பார். எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் கிட்ட வந்து பார்த்தார். என்னிடம் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். பிறகு டிரைவரிடம் என்னவோ சொன்னார்.

டிரைவர் வாப்பாவுக்குச் சொல்ல, வாப்பா எங்களுக்குச் சொன்னார்: "மேலே போனா பேர் சொல்லி யாரும் யாரையும் கூப்பிடக் கூடாதாம். அது கேட்டு வச்சுக்குமாம். அப்புறம் அதுவே கூப்பிடுமாம்."

"கரடியா?" என்றார் உம்மா.

வாப்பா சிரிக்கப் பார்த்தார். "மலையில தனியா கெடக்குறவங்க... அப்படித்தான் பேசுவாங்க."

உம்மா வாய்க்குள் ஓதத் தொடங்கிவிட்டார்.

டையையும் வெள்ளைச் சட்டையையும் பார்த்துவிட்டு, வெள்ளை ஆகாது என்று அர்பாப் தன்னுடைய பழைய குளிர்கால அங்கி ஒன்றை வாப்பாவுக்குக் கொடுத்தார். சாம்பல் நிறம். கணுக்கால் வரை தொங்கியது. கரடி விரட்டுவதில் அனுபவசாலி என்பதால் காலி நெய் டின் ஒன்றும் அகப்பை ஒன்றும் கொடுத்தார்கள். என் வாப்பா சாம்பல் அங்கியில், நெய் டின்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, புது ஷூ கடித்ததால் இடது காலைத் தாங்கித் தாங்கி நடந்து போனார். உம்மா முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். அன்று கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

மழை பெய்தால் மட்டும் ஆறாகிற ஒரு கல் பள்ளத்தாக்கு. வாதி என்பார்கள். அதன் வாயிலேயே வண்டியை நிறுத்தி அர்பாபும் டிரைவரும் இருந்துகொண்டார்கள். மலைக்காரர் மேலே போய் ஒரு பாறைக்குப் பின்னால் பதுங்குவார். வாப்பா இடது சரிவில் ஏறித் தகரம் தட்ட வேண்டும். அது வெளியே வரும். திட்டம் அவ்வளவுதான். உம்மாவும் நானும் கொஞ்ச தூரம் உள்ளே, ஒரு கல்வீட்டு நிழலில் பாய் போட்டு உட்கார்ந்தோம். அங்கே அப்படிப் பத்துப் பதினைந்து வீடுகள். ஆள் இல்லாதவை. பாதி பூமிக்குள் இறங்கிய சுவர்கள். குனிந்து, ஏறக்குறையத் தவழ்ந்துதான் நுழைய முடியும் என்கிற வாசல்கள். கதவெல்லாம் போய்விட்டிருந்தது.

அசர் நேரம். அப்போதுதான் தூசி இறங்கியது. காற்று இல்லை. எங்கோ பாலைவனத்தில் எழும்பிய தூசி மலைக்குள் வந்து அப்படியே நின்றது, தண்ணீரில் கரைத்த மாவு மாதிரி. வெளிச்சம் இருந்தது, சூரியன் இல்லை. கீழே பார்த்தேன். எனக்கு நிழல் இல்லை. மேலே எங்கிருந்தோ தொம், தொம் என்று தகரச் சத்தம்.

உம்மா தொழுகைக்கு நின்றார். நான் வாதியின் மேல்பக்கம் பார்த்தபடி இருந்தேன். அங்கே, பாறைகளுக்கு நடுவில், சாம்பல் அங்கி தெரிந்தது.

எனக்கு ஒரு வேலை இருந்தது. கையெழுத்து ஆயிற்றா என்று கேட்க வேண்டும். அர்பாபுக்கு முன்னால் வாயைத் திறக்கக் கூடாது என்று உம்மா தொடையில் கிள்ளியே சொல்லியிருந்தார். இப்போது வாப்பா தனியாக இருக்கிறார். எழுந்து போனேன்.

"வாப்பா," என்றேன்.

நின்றது.

முகம் திரும்பவில்லை. ஆனால் நின்றது. நான் கிட்டே வரும் வரை நின்று, பிறகு நடந்தது. இடது பக்கம் தாங்கித் தாங்கி. குனிந்து நடந்தது. வேட்டையில் குனிந்துதான் நடப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். தோள் உயரமாக, பின்னால் சரிந்து, அங்கியின் முதுகுப் பக்கம் காற்றில்லாமலே சிலிர்த்து அடங்கியது. நான் பின்தங்கினால் மறுபடியும் "வாப்பா" என்பேன். மறுபடியும் நிற்கும்.

இதை எப்படிச் சொல்வது உங்களுக்கு. எட்டு மாதமாக ரோலாவின் கூட்டத்தில் ஓடியிருக்கிறேன். எனக்காக அந்த முதுகு ஒருநாளும் நின்றதில்லை. இங்கே, கூப்பிடக் கூப்பிட நின்றது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. காதில் பஞ்சு அடைத்த மாதிரி ஓர் அமைதி. நனைந்த பழைய கம்பளியின் வாடை, அதில் கொஞ்சம் இனிப்பு. அர்பாபின் அங்கிக்கு அப்படித்தான் வாடை இருக்கும் என்று அதையும் ஒப்புக்கொண்டேன்.

தகரச் சத்தம் எனக்குப் பின்னாலிருந்து வந்தது. அதைக் கவனித்தேன். கவனிக்காமல் இல்லை. வாப்பா முன்னால் போகிறார், தகரம் பின்னால் கேட்கிறது. எதிரொலி என்று முடிவு செய்தேன். அறிவியல் பாடத்தில் அந்த வாரம்தான் நடத்தியிருந்தார்கள். படித்த பிள்ளைக்கு எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கையில் இருக்கும்.

வழியில் ஒரு கல்மேல் ஆட்டின் கழுத்துமணி கிடந்தது, கயிறோடு. எடுத்து ஆட்டினேன். நாக்கு இல்லை. அதை எங்கே போட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

"வாப்பா... வாப்பா..." கூப்பிட்டுக்கொண்டே போனேன். பின்னால் உம்மாவின் குரல் என் பெயரைச் சொல்லி வீறிட்டது. கேட்டது. திரும்ப வேண்டும் என்று தோன்றவில்லை. வேறு ஏதோ வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிறார்கள் என்பது போல இருந்தது. முன்னால் ஒரு கல்வீடு. சாம்பல் அங்கி அதன் வாசலில் நின்றது. முதல் தடவையாக, திரும்பப் போகிறது என்று தெரிந்தது. தலை மெல்ல அசைந்தது. முகத்தைப் பார்க்கப் போகிறேன் என்ற சந்தோஷத்தில் நானும் குனிந்தேன்.

நெற்றியில் இடி விழுந்தது.

கல். உட்கார்ந்துவிட்டேன். கண்ணுக்குள் சூடாக ஏதோ வழிந்தது. துடைத்துப் பார்த்தால் வாசல் வெறும் இருட்டு. அங்கே யாரும் இல்லை. இருபது அடி தள்ளி, பாறைமேல், மலைக்காரர் நின்றார். இன்னொரு கல் அவர் கையில் தயாராக இருந்தது. துப்பாக்கி தோளில்தான் இருந்தது.

அவர் இறங்கி ஓடி வந்தார். என் நெற்றி இரத்தத்தை ஒரு விரலால் தொட்டு, அதைப் பார்த்து, "கலாஸ்" என்றார். பெரிய வேலை ஒன்றை முடித்த ஆள் மாதிரி. வாசலுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு "மாஃபி" என்றார். ஒன்றுமில்லை. பிறகு வாசலுக்கு முன்னால் இருந்த புழுதியைக் காலால் அழித்தார். இடது வலதாக, நிதானமாக, எல்லாவற்றையும் அழித்தார். அதில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை.

அப்போதுதான் வாப்பா வந்து சேர்ந்தார். எனக்குப் பின்னாலிருந்து. அகப்பை இன்னும் கையில் இருந்தது. அவருக்குப் பின்னால் உம்மா; அதற்கும் பின்னால், சத்தம் கேட்டு ஏறி வந்த அர்பாபும் டிரைவரும்.

வாப்பா பார்த்தது இவ்வளவுதான்: மகள் நெற்றி பிளந்து உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் ஒரு கிழவன் கையில் கல்லோடு நிற்கிறான். அடுத்து அவர் திரும்பி அர்பாபைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. இருபது நாள், தாள், வண்டி எல்லாம் அதில் இருந்தது. அர்பாப், "என்ன ஆயிற்று, ரஃபீக்?" என்றார்.

வாப்பா சிரித்தார். மலைக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். தலையை ஆட்டி ஆட்டி, நன்றி சொல்கிற ராகத்தில், சிரித்த முகம் மாறாமல், தமிழில் தொடங்கினார்.

"கட்டையில போறவனே. பச்சப்புள்ள மண்டைய ஒடச்ச கை புழுத்து அழுகி விழ. நாறிப்போன கெழட்டு நாயே. ஒன் வாயில மண்ணு விழ. நீ செத்தா தூக்க நாலு பேர் வர மாட்டான்..."

எங்கள் ஊர் வசவில் பாதி அரபியிலிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அதையெல்லாம் வாப்பா ஒவ்வொன்றாகத் தாண்டிப் போனார். வாய்வரை வந்த ஹராமியை விழுங்கியதை நான் பார்த்தேன். அவ்வளவு சுத்தமான தமிழை அவர் வாயில் நான் அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை. மலைக்காரர் ஒவ்வொரு சொல்லுக்கும் தலை தாழ்த்தினார். அர்பாபின் கண் கலங்கிவிட்டது. "துஆ செய்கிறான்," என்று டிரைவரிடம் சொன்னார், அவருக்கு அது பிரார்த்தனை.

எனக்கு அதுவரை வராத பயம் அப்போதுதான் வந்தது. கண்ணாடிச் சட்டத்தில் இருந்த அதே சிரிப்பு, அதே முகம். ஆனால் அதன் வாயிலிருந்து வருகிற குரல் எனக்குத் தெரியாத ஒருவருடையது.

மலைக்காரர் என் முன்னால் குந்தினார். வாப்பாவைக் கோடாலிக் காம்பால் காட்டி, "மின் ஹாதா?" என்றார். இது யார்?

சொல்லியிருக்க வேண்டும். எளிய கேள்வி. நான் வாப்பாவைப் பார்த்தேன். பிறகு கல்வீட்டின் வாசலைப் பார்த்தேன். எனக்காக நின்றது அதற்குள்தான் போயிருக்கிறது. இவர் எனக்காக நின்றதே இல்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. மலைக்காரரின் முகம் மாறியது. கை மறுபடி தரையில் கல்லைத் தேடியது. அதைப் பார்த்ததும் வாப்பாவின் சிரிப்பு கழன்று விழுந்தது.

"சொல்லும்மா," என்றார். "நான்தாம்மா. சொல்லு."

சாம்பல் அங்கியின் விளிம்பெல்லாம் முள். சரிவிலிருந்து விழுந்து எழுந்து ஓடி வந்திருக்கிறார். ஒரு காலில் ஷூ இல்லை.

"வாப்பா," என்றேன்.

மலைக்காரர் கல்லைத் தேடிய கையை எடுத்தார்.

வண்டிக்கு வந்ததும் அர்பாப் முன்பெட்டியைத் திறந்தார். தாளை அவரே எடுத்தார். யாரும் ஞாபகப்படுத்தவில்லை. பானட்டின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டு, ஊதி, வாப்பாவிடம் கொடுத்தார். "உன் மகள் இங்கேயே வளரட்டும்," என்றார். திரும்புகிற வழியெல்லாம் வாப்பாவின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தேன். உம்மா முக்காட்டுத் துணியால் நெற்றியை அழுத்திப் பிடித்தபடி கேட்டார், "எங்கேடி போனே?"

"வாப்பா பின்னால."

"நான் சரிவை விட்டு எறங்கவே இல்லையேம்மா," என்றார் வாப்பா.

அடுத்த வருஷம் வகுப்பில் ளாத் வந்தது. அட்டையில் சரிந்த முதுகு, தூக்கிய தோள், சாம்பல் உடம்பில் வரி வரியாக ஒன்று நின்றது. கழுதைப்புலி. டிரைவர் சொன்ன லகட்பக்காவும் அதுதான். ஆசிரியர் வாயைக் குவித்து அந்தச் சொல்லைச் சொன்னபோது அர்பாப் நடித்த நடிப்பு முழுவதும் விளங்கியது. நான் கையைத் தூக்கி, தண்ணீர் குடிக்கப் போக வேண்டும் என்றேன்.

அந்த மலைகளில் அது இருந்ததா, இருக்க முடியுமா என்று தெரிந்தவர்களைக் கேட்டிருக்கிறேன். ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மலைக்காரர் ஏன் சுடவில்லை, ஏன் கல்லால் அடித்தார் என்பதை டிரைவர் வாப்பாவுக்குச் சொல்லியிருக்கிறார். வாப்பா அதை எனக்குக் கல்யாணம் ஆன பிறகுதான் சொன்னார். அது ஆளை மயக்குமாம். மயங்கினவன் அதைத் தன் தகப்பன் என்று நினைத்து "யாபா, யாபா" என்று கூப்பிட்டுக்கொண்டே குகைவரை போவானாம். இரத்தம் வந்தால்தான் மயக்கம் தெளியும். கிழவர் பாறைக்குப் பின்னால் இருந்து நான் கூப்பிட்டதைக் கேட்டிருக்கிறார். "வாப்பா, வாப்பா" என்று.

"அந்த மனுஷனை என்னவெல்லாம் பேசிட்டேன்," என்றார் வாப்பா. "மன்னிப்புக் கேக்கணும்னா, பேசினது இன்னதுன்னு முதல்ல சொல்லணுமே. எப்படிச் சொல்ல?" கேட்கவில்லை. மலைக்காரர் அதற்கு ரொம்ப முன்னாலேயே காலமாகிவிட்டிருந்தார். வாப்பா இருட்டில் உட்கார்ந்து அவருக்காக ஓதுவார். இந்த முறை அரபியில்.

நாங்கள் ரோலாவில் பன்னிரண்டு வருஷம் இருந்தோம். ஒரே ஒரு பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது. வாப்பாவை முன்னால் நடக்கவிட மாட்டேன். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலோ, ஓரடி முன்னாலோ நடப்பேன். நாலடிக்கு ஒருமுறை திரும்பி அவர் முகத்தைப் பார்ப்பேன். அவரும் அதற்காக நடையைக் குறைத்துக்கொண்டார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்: "எம்மவளுக்கு என்னைய விட்டு ஒரு நிமிஷம் இருக்க முடியாது. பாருங்க, மூஞ்சிய மூஞ்சியப் பாக்குறத." பாசம் என்று நினைத்தார். நான் திருத்தவில்லை. கொஞ்ச வருஷம் போனபின் திருத்தினால் பொய்யாகிவிடும் என்றும் ஆகிவிட்டது.

அவர் போய் இப்போது மூன்று வருஷம். ஊரில்தான். எங்களில் பெண்கள் அடக்கம் செய்கிற மையவாடிக்குப் போவதில்லை. சந்தூக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஆண்கள் கிளம்பினார்கள். நான் வாசற்படியில் நின்றேன். வேகமாகத்தான் போனார்கள். தெருமுனையில் திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் தெரியவில்லை. அது அவர்தான் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.